பதினெட்டு அக்குரோணிக்குப் பதினொரு பேர்

குருச்சேத்திரத்தில் நின்ற படை மொத்தம் பதினெட்டு அக்குரோணி. பாண்டவர் பக்கம் 7, கௌரவர் பக்கம் 11. ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், அத்தனையே யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். பதினெட்டால் பெருக்கினால் காலாள் மட்டும் 19,68,300 வருகிறது. பாரதப் பிரசங்கம் பண்ணுகிறவர் பகலில் இந்தக் கணக்கை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவார். ராத்திரி அந்தப் படையைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய எங்கள் ஜமாவில் ஆள் பதினொன்று. வேஷக்காரர் ஏழு பேர். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் போட்டுப் பின்பாட்டுப் பாட ஒருவர் என்று நான்கு பேர். பெட்டி தூக்கவும் திரை பிடிக்கவும் தனி ஆள் கிடையாது.

நான் பர்கூர்ப் பக்கத்துக்காரன். மீசை அரும்பும் வயதில் பெண் வேஷம் கட்ட ஆரம்பித்து, குரல் தடித்த பிறகு கட்டியங்காரன் ஆனவன். பிழைப்பு ஓசூர் சிப்காட்டில், பிரஸ் ஷாப்பில். கூடவே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள்: "அவ்வளவு பெரிய கதையை இத்தனூண்டு ஆளை வெச்சு எப்படிண்ணே ஆடறீங்க?" கேட்கிற குரலில் ஒரு பரிதாபம் இருக்கும். ஆள் சேரவில்லை, காசு இல்லை, ஏதோ ஒப்பேற்றுகிறார்கள் என்று நினைப்பு. அதில் பாதிதான் நிஜம். கூத்தைக் கட்டியவர்கள் கொஞ்சம் பேரை மனசில் வைத்தே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் எதன் மேல் நிற்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

இந்தச் சீமையில் பாரதக் கூத்து திரௌபதி அம்மன் திருவிழாவோடு சேர்ந்தது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிதான் அம்மனுக்கு ஆதிக் கோயில் என்பது பக்தர்கள் நம்பிக்கை. அங்கிருந்து மேற்கே வந்தால் திருவண்ணாமலை, ஊத்தங்கரை, மத்தூர், பர்கூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு தடித்த புத்தகங்கள் போட்டார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-லும், கட்டைக்கூத்து பற்றி ஹன்னே டி புரூன் 1999-லும் எழுதினார்கள். நம் ஆட்களில் ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்த கண்ணோடு நகரத்தில் கூத்துப்பட்டறை நடத்தினார். அது தொடங்கியது 1977-ல்.

எங்கள் பக்கத்தில் கூத்து ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஏறியது குறைவு, நோட்டில் ஏறியது அதிகம். எங்கள் ஜமா வாத்தியார் வீட்டில் இருந்தவை பழுப்பேறிய நோட்டுகளும், சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போட்ட மலிவு விலை நாடகப் புத்தகங்களும்தான். ஒரே நாடகம் நோட்டில் ஒரு மாதிரி இருக்கும், அச்சில் வேறு மாதிரி இருக்கும். களத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது மாதிரி வரும்.

பங்குனியில் கொடி ஏறினால் வைகாசி வரை எங்காவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். தலைக்கட்டு வரி போட்டு ஊர் பணம் சேர்க்கும். பெரியதனக்காரர்கள் வாத்தியாரைத் தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். பதினெட்டு நாள் என்பது பேர்பெற்ற கணக்கு. ஊரின் கையைப் பொறுத்துக் கூடும், குறையும். மத்தியானம் பிரசங்கம். வில்லிபுத்தூரார் பாரதத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டிலிருந்து அன்றைய பகுதியை எடுத்து, ஒருவர் பாடிப் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ராத்திரிக்கு ஒரு நாடகம். ஆடுவது அதே பதினொரு பேர்.

எங்கள் சிக்கனத்தின் முதல் முடிச்சு இந்தப் பகல்தான். அம்பை என்ன ஆனாள், பீஷ்மர் ஏன் கல்யாணம் பண்ணவில்லை, சகுனிக்கு அந்தக் குடும்பத்தின் மேல் என்ன வஞ்சம் என்று பிரசங்கி மத்தியானமே சொல்லி முடித்திருப்பார். சந்தனு, வியாசர், திருதராஷ்டிரன், காந்தாரி எல்லாரும் பகலோடு வந்து பகலோடு போய்விட்டார்கள். ராத்திரி எங்களுக்கு மிஞ்சுவது கதையின் முகடு மட்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கத்துகிற இடம், ஒருத்தி முடியை விரித்துப்போட்டு நிற்கிற இடம், ஒருவன் சாகிற இடம். அந்த முகட்டை ஏழு பேர் தாராளமாக ஏறலாம்.

*

பகடை துகிலை எடுத்துக்கொள்கிறேன். அஸ்தினாபுரத்துச் சபை நிறைய ராஜாக்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய நாடகம். எங்கள் சபையில் உட்கார ஒரு மரப் பெஞ்சுதான் உண்டு. வேஷம்: துரியோதனன், துச்சாதனன், சகுனி, தருமன், திரௌபதி, கட்டியங்காரன். ஏழாவது ஆள் முன்ராத்திரியில் நரைத்தாடி கட்டி விதுரன். தாடியைக் கழற்றிவிட்டுப் பின்ராத்திரியில் விகர்ணன். நகுலனுக்கும் சகாதேவனுக்கும் வேஷமே கிடையாது. தருமன் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வெறும் தரையைப் பார்த்துக் கையைக் காட்டி, பணயம் வைத்துத் தோற்பான். முன்வரிசையில் கிழவிகள் அந்தத் தரையைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். இரண்டு பையன்களை அங்கே நிறுத்தியிருந்தால் அந்தப் பையன்களில் ஒருவன் கொட்டாவி விட்டிருப்பான்.

நூற்றுவரில் துரியோதனன், துச்சாதனன், விகர்ணன் தவிர மிச்சத் தொண்ணூற்றேழு பேரைக் கூத்தில் யாரும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

யாருக்கு எந்த இரட்டை வேஷம் என்பதை முடிவு பண்ணுவது கதை அல்ல, அரிதாரம். கட்டை வேஷம் என்றால் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், இடுப்பில் பாவாடைபோல் விரியும் உடுப்பு, காலில் சலங்கை. முகம் எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. ஒரு கட்டை வேஷக்காரனைக் கலைத்து இன்னொரு கட்டை வேஷமாக்க நேரம் இருக்காது. எனவே வாத்தியார் ஒரு விதி வைத்திருந்தார்: கட்டை வேஷம் கட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு லேசான வேஷம் கொடுக்கலாம், பின்னால் கொடுக்கக் கூடாது. முனிவனாக வந்தவன் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்து, பாயில் மல்லாந்து படுத்து, கண்ணாடியைக் கையில் வாங்கினால் நடுச்சாமத்தில் ராஜாவாக எழுந்திருப்பான். ராஜா முனிவனாகத் திரும்ப முடியாது. வியர்வையில் ஊறிய சிவப்பு காதோரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கர்ண மோட்சத்தில் இந்தக் கணக்கு இன்னும் நயமாக விழும். முதல் பாதியில் கர்ணனிடம் சண்டை போடும் பொன்னுருவிக்குப் பெண் வேஷம். கர்ணன் போருக்குக் கிளம்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அதே ஆள் மூக்குத்தியைக் கழற்றி, பூவை எடுத்து, வெள்ளைச் சேலை சுற்றிக்கொண்டு வந்தால் குந்தி. நான் இரண்டையும் ஒரே ராத்திரியில் கட்டியிருக்கிறேன். பொன்னுருவியாகக் கர்ணனின் பிறப்பைக் குத்திக்காட்டிவிட்டு, விடியற்காலையில் குந்தியாக அவன் தலையை மடியில் வைத்து அழுவேன். ஊரில் யாரும் குழம்பியதில்லை. ஒரு பாட்டி மட்டும் காலையில் என்னைப் பிடித்து, "பேசறதெல்லாம் பேசிட்டு அப்புறம் என்னடா ஒப்பாரி?" என்று தலையில் தட்டினார். தெரிந்தேதான் தட்டினார்.

கிருஷ்ணன் பிராமணனாக வந்து கர்ணனின் புண்ணியத்தைத் தானம் கேட்கிற இடத்தில் புது ஆள் தேவையே இல்லை. கிருஷ்ணன் மேல் ஒரு துண்டைப் போர்த்தினால் ஆயிற்று. அந்த மாறுவேஷத்தைக் கதையே கொடுத்துவிடுகிறது.

*

அடுத்த முடிச்சு திரை. எங்கள் திரை ஒரு ஜமக்காளம் அல்லது வேட்டி. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால் போதும். பிடிப்பது அப்போது வேஷம் இல்லாதவர்கள். வேஷக்காரன் அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுவான். கிரீடத்தின் நுனியும் சலங்கைச் சத்தமும்தான் வெளியே தெரியும். இன்ன நாட்டு ராஜா, இன்னாருக்கு மகன், இன்ன காரியமாக வருகிறான் என்று தன்னைப் பற்றித் தானே, மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பாடுவான். பின்பாட்டு அந்த அடியை வாங்கித் திருப்பும். திரை விலகும்போது பார்க்கிறவர்களுக்கு அவனைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். அவனுக்கு முன்னால் நான்கு வீரர்கள் ஈட்டி பிடித்து வர வேண்டியதில்லை. அந்த நான்கு சம்பளம் மிச்சம்.

மூன்றாவது முடிச்சு நான், அதாவது கட்டியங்காரன். காவல்காரன், மந்திரி, தூதன், தோட்டி, வண்ணாத்தி, பல்லக்குத் தூக்கி, ஊர்ப் பெரியவர் எல்லாம் அவன்தான். உடுப்பு மாற்ற வேண்டாம். துண்டைத் தலையில் போட்டால் கிழவி, தோளில் போட்டால் கணக்குப்பிள்ளை, இடுப்பில் கட்டினால் வேலைக்காரன். ராஜா எதையாவது சொன்னால் "அப்படியா மகாராஜா?" என்று திரும்பக் கேட்டு, பின்வரிசைக்கும் புரிகிற பேச்சில் அதை உடைத்துச் சொல்ல வேண்டும். மொய் எழுதியவர் பேரை நடுவில் வாசிக்க வேண்டும். மேடைக்கு வரவேண்டியவன் இன்னும் முகம் எழுதி முடிக்கவில்லை என்றால் உள்ளேயிருந்து ஒரு சைகை வரும். கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிச் சமாளிக்க வேண்டும். இரட்டை வேஷம் நடப்பதே கட்டியங்காரன் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

ஓசூர்ப் பக்கம் போனால் கட்டியங்காரனுக்கு இன்னொரு வேலை உண்டு. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை ராஜ்யத்தோடு நின்றது. தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் அப்படியே இருந்தன. சேலம் மாவட்டம் 1965-ல் பிரிந்து தருமபுரி ஆனது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. வீட்டில் பேசுகிற பாஷையை இந்தப் பிரிவுகள் தொடவில்லை. சூளகிரி, பேரிகை, பாகலூர் பக்கம் துரியோதனன் தமிழில் கர்ஜிப்பான். நான் தெலுங்கில் பதில் சொல்வேன். தேன்கனிக்கோட்டை, தளி என்றால் கன்னடத்தில் ஒரு கிண்டல் சேர்ப்பேன். அங்கே கதை தெரியாதவர் யாரும் இல்லை. ஒருவருக்கு வில்லி பாரதம், இன்னொருவருக்கு நன்னயா முதலான மூவர் பாடிய தெலுங்கு பாரதம், வேறொருவருக்குக் குமாரவியாசர். கதை பொதுவில் கிடந்ததால் எனக்கு வேண்டியிருந்தது ஒவ்வொரு பாஷையிலும் நாற்பது ஐம்பது வாக்கியம்தான்.

*

பெரிய காட்சி எதுவும் ஏழு பேரால் ஆகாது. அதைக் கூத்து ஊரிடம் ஒப்படைத்துவிட்டது. பகாசூரன் கதைக்குச் சோற்று வண்டியோடு பீமன் தெருத்தெருவாகப் போவான். சோறு கொட்டுவது ஊர்ப் பெண்கள். அர்ச்சுனன் தபசுக்கு உயர மரம் நட்டு, படி அறைந்து, ஒற்றை ஆள் பாடிக்கொண்டே ஏறுவான். மேலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடி ஏந்துவார்கள். கைலாயத்துக்கு வேறு ஜோடனை தேவைப்படவில்லை.

கடைசி நாள் படுகளம். கோயில் முன்னால் மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுத்த நிலையில் செய்து வைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆள் கிடத்தின நீளம் இருக்கும். பிசைவது ஊர்க்காரர்கள். வண்ணம் அடிப்பது ஊர்க்காரர்கள். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய எங்கள் ஆட்களில் இரண்டு பேர், பீமனும் துரியோதனனும், அதே வேஷத்தோடு காலை வெயிலில் இறங்குவார்கள். மண் உடம்பைச் சுற்றி ஓடி, அதன் மேல் ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து, திரும்பி வந்து கதையால் மோதுவார்கள். பீமன் மண் தொடையில் அடித்ததும் அங்கே புதைத்த குடத்துச் சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டு முடி முடிவாள். துடைப்பத்தால் அடிக்கிற பெண்கள் ஒரு பக்கம், மாரடித்து அழுகிறவர்கள் ஒரு பக்கம். சாயங்காலம் தீமிதி. அங்கே அக்குரோணி எது என்று கேட்டால், சுற்றி நிற்கிற ஊர்தான். சம்பளம் வாங்காத படை. இரண்டு வேஷக்காரனும் ஒரு மண் பொம்மையும் இருந்தால் அந்தப் படை தானே வந்து சேரும்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இதைவிடச் சிக்கனமாக ஒன்று உண்டு. பெங்களூர் தர்மராயசாமி கோயில் கரகம். சித்திரைப் பௌர்ணமி ராத்திரி, திகளர் சமூகத்து ஆண் ஒருவர் பெண்போல உடுத்திப் பூக்கரகம் சுமந்து வருவார். அவர்தான் திரௌபதி. கத்தியோடு சுற்றி வரும் வீரகுமாரர்கள் அவள் படை. ஓசூருக்குப் பக்கத்து ஆனேக்கல்லிலும் கரகம் உண்டு. பாரதம் முழுவதும் அங்கே ஒருவர் தலையில் ஏறி நடக்கிறது.

அதே கர்நாடகத்தில் நேர் எதிரான வழக்கமும் உண்டு. எல்லையோரக் கன்னட ஊர்களில் 'குருக்ஷேத்ர' என்ற புராண நாடகம் போடுவார்கள். நடிப்பவர்கள் விவசாயிகள், டிரைவர்கள், பஞ்சாயத்து ஆட்கள். பாத்திரத்துக்குக் காசு வாங்குவதில்லை, கொடுக்கிறார்கள். துரியோதனன் வேண்டும் என்றால் தொகை கூடுதல். ஆர்மோனிய மேஷ்ட்ரு மாதக்கணக்கில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். சீன், உடுப்பு, கிரீடம் எல்லாம் வாடகை. பெண் பாத்திரத்துக்கு மட்டும் தொழில் நடிகைகளைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு ஆள் கூடினால் செலவு. அவர்களுக்கு ஆள் கூடினால் வரவு. அதனால் அந்த மேடையில் நகுலனும் சகாதேவனும் கண்டிப்பாக இருப்பார்கள், ஆளுக்கு இரண்டு பாட்டும் இருக்கும். 1884-ல் தொடங்கிய குப்பி கம்பெனி, வீரண்ணாவின் காலத்தில் குருக்ஷேத்ர நாடகத்துக்கு யானையையும் குதிரையையும் மேடையில் ஏற்றியது என்பார்கள். அந்தப் பகட்டின் வாசனை இன்னும் இந்த ஊர் நாடகங்களில் அடிக்கும். இரண்டையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அது ஊர் தன்னை ஆடிக்கொள்வது, கூத்து ஊருக்காக ஆடுவது. கணக்கு வேறாவது அதனால்தான்.

*

கூத்துக் கூலி பங்குக் கணக்கு. பெரிய வேஷத்துக்கு முழுப் பங்கு, பழகுகிற பையனுக்குக் கால் பங்கு, வாத்தியக்காரர்களுக்குத் தனி, உடுப்பும் கட்டையும் வைத்திருப்பவருக்குச் சாமான் பங்கு. ஊர் கொடுப்பது மொத்தத் தொகை. ஒரு தலை கூடினால் எல்லார் பங்கும் இளைக்கும். எனவே "இன்னொரு ஆள் வேணும்" என்று எவனும் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு வேஷம் கட்டினவனுக்கு அரைப் பங்கு கூடப் போட்டுக் கொடுப்பார் வாத்தியார். கலை நுட்பம் என்று நகரத்து ஆட்கள் மெச்சிக்கொள்வதில் பாதி இந்த வகுத்தல் கணக்கில் பிறந்தது.

மைக் வந்ததும் ஒரு குறைப்பு நடந்தது. தீவட்டி, காஸ் லைட் காலத்தில் கடைசி வரிசைக்குப் பாட்டுக் கேட்க மூன்று நான்கு பேர் சேர்ந்து பின்பாட்டு எடுக்க வேண்டும். வேஷம் இல்லாத நேரத்தில் நடிகர்களும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று வாங்கிப் பாடுவார்கள். நடு மேடையில் மைக் தொங்கிய பிறகு ஒருவர் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஒன்று போயிற்று: வேஷக்காரன் அந்த மைக்கை விட்டு நகர மாட்டேன் என்கிறான். களம் முழுக்கச் சுழன்று ஆடிய கிறுக்கி இப்போது மைக்கைச் சுற்றி மூன்றடி வட்டம். ஆள் குறைந்ததைவிட இடம் குறைந்தது பெரிய நஷ்டம் என்பது என் கட்சி.

தெற்கே ஸ்பெஷல் நாடகமும் இதே பள்ளிக்கூடம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பையன்கள் கூட்டமாக இருந்தார்கள், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தவர்கள்தான். 1931-ல் 'காளிதாஸ்' வந்து பேசும் படம் பிடித்துக்கொண்ட பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தனித்தனி ஆளாக வந்து சேர்ந்து ஆடுகிற ஸ்பெஷல் நாடகம் நிலைத்தது. 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். பபூன், டான்ஸ்காரி, நாரதர், வள்ளி, முருகன், இவர்களோடு ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும். வேலனும் வேடனும் விருத்தனும் ஒரே ராஜபார்ட். நோட்டீஸில் ஆளுக்கு ஓர் ஊர்ப் பேர் இருக்கும்; ஒத்திகை கிடையாது; அன்று ராத்திரிதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சுவாமிகளின் பாட்டு எல்லாருக்கும் பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு நாள் போனில் ஒன்றைக் காட்டினாள். 'ஸ்வீனி டாட்' என்று ஒரு பாட்டு நாடகம். 1979-ல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு நியூயார்க்கில் போட்டது. 2005-ல் ஜான் டாய்ல் என்ற இயக்குநர் அங்கேயே அதைப் பத்துப் பேரை வைத்துப் போட்டார். வாத்தியமும் அந்தப் பத்துப் பேரே. பெரிய புதுமை என்று பேசப்பட்டதாம். எனக்கு அதில் பிடித்தது, பாட்டு முடிந்தவன் உள்ளே போகாமல் மேடையிலேயே வாத்தியத்தை எடுத்துக்கொள்வது. பெஞ்சுக்குப் பின்னால் நின்று பின்பாட்டு எடுத்த எங்கள் ஆட்களுக்கு அது புரியும். பழைய ஏதென்ஸில் சோபகிளிஸ் நாடகத்தில்கூடப் பேசுகிற நடிகர்கள் மூன்று பேர்தான்; முகமூடியை மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் முடித்தார்கள். அங்கேயும் கதை ஊருக்கு முன்பே தெரிந்த கதை.

*

ஓசூரில் சிப்காட் வந்தது 1970-களில். 1980-ல் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அடுத்த சில வருஷத்தில் டைட்டனும் வந்து, கூட்டு ரோடும் பஸ் ஸ்டாண்டும் ஆள் மயமானது. ஜமாவில் பழக வந்த பையன்கள் ஐ.டி.ஐ.க்குப் போனார்கள். நானும் போனேன். கூத்து சீசனும் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை சீசனும் ஒன்றாகவே வரும். பாரதத்துக்கு லீவு கேட்டால் ஒரு சூப்பர்வைசர், "அங்க நீ இல்லாட்டி யுத்தம் நின்னுடுமா?" என்பார். நிற்காது, கட்டியங்காரன் இல்லாவிட்டால் ஆரம்பிக்காது. ஏ ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து, ராத்திரி ஆடி, விடியற்காலையில் காது மடலில் செந்தூரத்தோடு கேட்டுக்கு வந்து நின்றவர்கள் எங்களில் பலர்.

வேஷக்காரர் எண்ணிக்கை இப்படித்தான் மெல்ல இறங்கியது. வாத்தியாரின் இளவயதில் பத்துப் பன்னிரண்டு பேர் வேஷம் கட்டினார்களாம். எனக்குத் தெரிந்து ஏழு. எவ்வளவுக்குக் குறையலாம் என்பதற்கு அவர் ஓர் அடிக்கணக்கு வைத்திருந்தார்: எதிரெதிரே நிற்க இரண்டு கட்டை வேஷம், ஒரு பெண் வேஷம், ஒரு கட்டியங்காரன், இழுபறிக்கு ஓர் ஆள், ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு. "அதுக்குக் கீழ போனா அது கூத்து இல்லடா, போட்டோ" என்பார். அரசு விழாக்களில் அரை மணி நேரம் கொடுத்து நான்கு பேரை வரச்சொல்கிறார்கள். கிரீடத்தோடு ஒரு கிறுக்கி, ஒரு விருத்தம், ஒரு பொன்னாடை. கையில் காசு வருகிறது என்பதால் போகிறோம். அதைக் கூத்து என்று நாங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை.

கட்டைக்கூத்துச் சங்கம் 1990-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் மற்றவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. அவர்கள் 2002-ல் குருகுலம் தொடங்கிப் பெண் பிள்ளைகளுக்கும் வேஷம் சொல்லிக்கொடுத்தார்கள். 2020-ல் அது மூடப்பட்டது. அங்கே படித்த பெண்கள் கட்டை வேஷமே கட்டுகிறார்கள். பெண் வேஷத்துக்கு ஆள் இல்லை என்று புலம்புகிற எங்கள் பக்கத்து ஜமாக்கள் அதை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் ஆள் குறைவதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஏழு ஆறாகலாம், கூத்துக்கு அதைத் தாங்கத் தெரியும். எனக்கு உறைத்த விஷயம் வேறு. இப்போது பல ஊர்களில் செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது பகல் பிரசங்கத்தை. மத்தியானம் யார் வந்து உட்காருகிறார்கள், வயசானவர்கள் பத்துப் பேர், அதற்கு ஒருவருக்குச் சம்பளமா என்கிறார்கள். அதன் பலனை ராத்திரி நான் மேடையில் நின்று பார்க்கிறேன். தருமன் வெறும் தரையைக் காட்டி நகுலனைப் பணயம் வைக்கும்போது, முன்வரிசையில் ஒரு பையன் அப்பாவிடம் "யாருப்பா அது?" என்கிறான். அப்பாவுக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அந்த இடத்தில் வேஷம் கட்டிய ஒரு நகுலன் நின்றிருந்தாலும் பையன் அதையேதான் கேட்டிருப்பான். கொஞ்சம் பேரை வைத்துப் பெரிய கதையை ஆட முடிந்தது எங்கள் சாமர்த்தியத்தால் மட்டும் இல்லை. விட்டுப்போனவர்களை எல்லாம் ஊர் தன் தலையில் நிரப்பிக்கொண்டதால். அது நிரம்பாத ஊரில் எழுபது பேரை இறக்கினாலும் சபை காலியாகத்தான் இருக்கும்.

அதனால் இப்போது தாம்பூலம் கொண்டு வரும் பெரியதனக்காரர்களிடம் நான் ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். காசு போதவில்லை என்றால் கூத்தில் இரண்டு ராத்திரியைக் குறையுங்கள், எங்கள் பங்கில் கொஞ்சம் கழியுங்கள், ட்யூப் லைட்டையும் குழாயையும் குறையுங்கள். பிரசங்கிக்கு மட்டும் கை வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அவரை உட்கார வையுங்கள், பிள்ளைகளுக்குச் சுண்டல் போடுங்கள். அந்த ஒற்றை ஆள் பகலில் பதினெட்டு அக்குரோணியையும் ஊர் மனசில் இறக்கிவிட்டால், ராத்திரி மிச்சத்தை நாங்கள் பதினொரு பேர் பார்த்துக்கொள்வோம். ஒன்பது பேர் வந்தாலும் பார்த்துக்கொள்வோம்.